அறை வெப்பநிலை

தபாலில் வந்தது ஒரு வடிதாள் துண்டு.
நடுவில் பென்சிலால் போட்ட வட்டம்,
வட்டத்துக்குள் ஒன்றுமில்லை.
"வெத்துத் தாளுக்கா கையெழுத்து?"
என்றார் நாகமலைத் தபால்காரர்.
ஆமாம் என்றேன். காய்ந்துபோன அந்த ஒன்றுமில்லாததில்
ஏழாயிரம் எழுத்து நீளத்துக்கு ஒரு வளையம்.
வாலும் வாயும் தொட்டுக் கிடந்து
இந்த ஊருக்கு ஒரு பாம்பு எல்லை காட்டியதாமே, ஆலவாய்,
அதைப்போல. கோயில் கிடையாது, கோபுரம் கிடையாது.
உள்ளே ஒரு ஜீன், அதில் ஒரு பிழை,
பக்கத்திலேயே ஒரு ரேஷன் கார்டு.

பிழை என்றால் ஒரே எழுத்து.
எங்கள் ஊர் நாக்கு ழ-வை ள-வாக்கி
காலங்காலமாய் வாளப்பளம் விற்கிறது,
சீப்புக்கு ஒரு ரூபாய் குறைந்ததில்லை.
இது அப்படியில்லை.
இருபத்தைந்து டிகிரியில் பொருள் தரும்,
முப்பத்தேழில் உளறும்.

வளையத்தை நொதியால் ஓரிடத்தில் வெட்டினேன்,
வெட்டுப்பட்ட முனைகள்தான் தன் சாயலைத் தேடிப் போகும்.
லித்தியம் அசிடேட், கொஞ்சம் சால்மன் மீனின் டிஎன்ஏ
(வைகை பார்க்காத மீன், நாங்களே எப்போதாவதுதான் பார்க்கிறோம்),
நாற்பத்திரண்டு டிகிரித் தண்ணீரில் இருபது நிமிடம்.
சித்திரையில் அதற்கு எதற்கு மெஷின்,
மாடித் தொட்டிக் குழாயைத் திற என்றாள் ரெபெக்காள்.

யூராசில் இல்லாத தட்டில்
கார்டு வைத்திருந்த ஈஸ்ட் பிழைத்தது.
அடுத்த தட்டில் மருந்து. அங்கே
கார்டு வைத்திருந்தது செத்தது, தொலைத்தது பிழைத்தது.
அரசாங்கத்தைத் திட்டாதீர்கள்,
விதியை மாற்றியது நான்தான்.
கழன்று போகையில் வளையம்
நல்ல எழுத்தை விட்டுப் போனதா, பிழையையா,
பார்த்தால் தெரியாது.
எட்டுப் புள்ளிகள். எட்டும் ஒரே வெள்ளை.

அதற்குத்தான் வெல்வெட்.
விளக்குத்தூண் கடையில் அரை மீட்டர்.
"ஜாக்கெட்டுக்காம்மா?"
"ஈஸ்ட்டுக்கு."
காதில் விழாத மாதிரி கிழித்துக் கொடுத்தார்.
ஒற்றியெடுத்து ஒரு தட்டு இருபத்தைந்துக்கு,
ஒன்று முப்பத்தேழுக்கு என்று திட்டம்.
எட்டையும் தனித்தனிக் குழாயிலும் வளர்த்து வைத்தேன்.

மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பதிலிருந்து ஐந்துவரை மின்தடை.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை,
என் கணக்கில் நான்கு மாத உதவித்தொகை இல்லாததைப்போல.
குளிர்பெட்டியின் சிவப்பு எண் அணைந்தது.
சுவரில் பாதரசம் முப்பத்தேழைத் தாண்டி நின்றது.
அறை வெப்பநிலையில் வைக்கவும் என்கிறது செய்முறைத்தாள்.
யாருடைய அறை?

அழாமல் இருப்பதற்காக
கண்ணாடி வைத்த பழைய நுண்ணோக்கியை
ஜன்னலுக்கு இழுத்தேன்.
வெயிலுக்கு மின்வாரியம் தேவையில்லை.
ஒன்றிலிருந்து ஆறுவரை
மொட்டு விட்டது, விடாதது, பெரிசு, பொடிசு,
டவுன்ஹால் ரோட்டு சாயங்காலம்.
எட்டும் அப்படித்தான்.
ஏழாம் குழாயில்
எல்லாமே நின்றிருந்தன.
தாயளவு வளர்ந்த மொட்டோடு, கழுத்தை விடாமல்,
தட்டை எங்கே நகர்த்தினாலும், இரண்டிரண்டாக.

மல்லிகை என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள்.
வேண்டாம்.
அது விரியும் மொட்டு.
இது பிரிய வேண்டியது, பிரியவில்லை.

இருநூறு எண்ணினேன். அதில் நூற்று எண்பத்தெட்டு.
நடுவில் வியர்வை சொட்டி வில்லை மங்கியதால்
நூற்றுப் பத்தில் தொடங்கி மறுபடியும் எண்ணினேன்.

ஐந்தே காலுக்குக் குளிர்பெட்டி செருமியது.
ரெபெக்காள் செக்கானூரணி பஸ்ஸுக்கு ஓடினாள்.
ஏழாம் குழாயை இருபத்தைந்தில் வைத்துவிட்டு
சாப்பிடப் போகவில்லை.
எட்டரைக்கு ஒரு துளி.
சில ஜோடிகளின் நடுவே
நூல் அளவு வெளிச்சம் விழுந்திருந்தது.

நோட்டில் அறை வெப்பநிலைக்கு நேரே
அச்சிலேயே இருபத்தைந்து என்று இருக்கும்.
அடித்தேன். முப்பத்தேழரை, மதுரை, என்று எழுதினேன்.
அடுத்த பக்கத்தில் டீசல் கேட்டு
ஒரு விண்ணப்பம் தொடங்கினேன்.